சிவப்பு நூல் கட்டிய அப்பளம்

அந்த அம்மாளின் கட்டைவிரல் நகம் முடிச்சுக்குள் நுழைந்துவிட்டது.

மந்தைவெளியில் ஒரு வீட்டு வாசல். முற்பகல் வெயில். படியில் பழைய வேட்டியை விரித்து அப்பளக் கட்டுகளைப் பரப்பியிருந்தோம். எல்லாக் கட்டுக்கும் வெள்ளை நூல். ஒன்றே ஒன்றுக்குச் சிவப்பு நூல். அவர் கையில் இருந்தது அந்தச் சிவப்பு நூல் கட்டு.

"போன தடவ அடியில இருந்தது பூரா ஒடஞ்சு கெடந்துச்சு. இந்தத் தடவ பிரிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்குவேன், சொல்லிட்டேன்" என்றார். செல்லம்மாள் என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மந்தைவெளியில் வீடு கட்டிக்கொண்ட குடும்பம். பாண்டிபஜாரில் துணிக்கடை.

கதவோரம் அவருடைய மருமகள் வசந்தா நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

காரணம் இதுதான். அந்தக் கட்டின் நடுவில், அப்பளத்துக்கும் அப்பளத்துக்கும் இடையில், காகிதத்தில் மடித்த மாத்திரைகள் இருந்தன. வசந்தாவுக்கு ஒரு மாதத்துக்கான காசநோய் மாத்திரை. அவளுக்கு டி.பி. என்பது மாமியாருக்குத் தெரியாது. தெரிந்தால் அன்று சாயங்காலமே அவளைப் பிறந்த வீட்டுக்கு ரயிலேற்றிவிடுவார்கள். திரும்ப அழைப்பார்களா என்பது சந்தேகம்.

என் பக்கத்தில் குந்தியிருந்த அப்பளக்காரம்மாவும் அப்பளக்காரம்மா இல்லை. கிளினிக்கில் வேலை பார்க்கும் ஹெல்த் விசிட்டர், ஸ்டெல்லா சிஸ்டர். வெள்ளைப் புடவையை வீட்டில் வைத்துவிட்டுப் பூப்போட்ட சேலையில் வந்திருந்தார். கூடை தூக்கி வந்தவன் நான்.

முடிச்சு அவிழ்வதற்குள், நான் எப்படி அந்த வாசலுக்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எவளை லவ் பண்ணே?

அப்போது அடையாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு லாரி ஷெட்டில் படுத்திருந்தேன். எட்டாம் வகுப்போடு ஓடிவந்தவன். ஓட்டலில் மேசை துடைத்து, டூரிங் கொட்டகையில் டிக்கெட் கிழித்து, கடைசியில் லாரியில் கிளீனர் ஆகி விஜயவாடா வரை பார்த்துவிட்டு வந்திருந்தேன். எந்த வேலையிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நின்றதில்லை.

இருமல் வந்தது. பீடிதான் காரணம் என்று பீடியை விட்டேன். இருமல் என்னை விடவில்லை. ஒருநாள் காலை பல் விளக்கித் துப்பினால் எச்சிலில் சிவப்பு.

ஷெட்டில் அதைப் பார்த்தவர்களுக்குப் பயத்தைவிட ஆவல்தான் அதிகம். அந்தக் காலத்து சினிமாவில் கதாநாயகன் காதலில் தோற்றால் கைக்குட்டையில் ரத்தம் இருமுவான். அதனால் டிரைவர் ஒருவர் பக்கத்தில் வந்து ரகசியமாகக் கேட்டார்: "நைனா, எவள லவ் பண்ணே? சொல்லு, போய்ப் பேசிப் பாக்கலாம்."

"லவ்வும் இல்ல ஒண்ணியும் இல்லண்ணே" என்றேன். அவர் நம்பவில்லை. சாகும்வரை பெண்ணைக் காட்டிக்கொடுக்காத உத்தமன் என்று எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

மரியாதை ஒரு வாரம்தான். பிறகு என் தட்டும் தம்ளரும் தனியே போயின. டீக்கடைக்காரர் எனக்கு மட்டும் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றினார். அதில் டீ சீக்கிரம் ஆறாது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். என் தலையணையை யாரோ எரித்துவிட்டார்கள். நான் இருமும்போது என்னோடு ஒரே லாரி கேபினில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து வந்தவர்கள்தான் தம்ளரைக் கண்டு நடுங்கினார்கள். இருமலில்தான் பரவும், தம்ளரில் இல்லை என்று பிற்பாடு கிளினிக்கில் சொன்னபோது எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வந்தது.

விலாசம் இல்லாத நோயாளி

டி.பி. கிளினிக் பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது. ஆனால் அந்த நிறுத்தத்தில் யாரும் இறங்கமாட்டார்கள். அங்கே இறங்கினால் டி.பி. என்று பஸ் முழுக்கத் தெரிந்துவிடும் அல்லவா? எல்லோரும் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல வரிசையாக நடந்து போவார்கள்.

கண்டக்டருக்கு இது அத்துப்படி. முந்தின நிறுத்தம் வந்ததும், "ஆஸ்பத்திரிக்குப் போகாதவங்கல்லாம் இறங்கிக்கோ!" என்று விசில் கொடுப்பார். பாதி பஸ் காலியாகும்.

எனக்கு மறைக்க ஆள் இல்லை. நேரே எதிரில் இறங்கினேன். அதனால் அன்றைக்கு வரிசையில் நான்தான் முதல்.

படம் எடுத்தார்கள், சளி பார்த்தார்கள், ஆமாம் என்றார்கள். ஒன்றரை வருஷம் மருந்து. முதலில் ஊசி, பிறகு மாத்திரை. நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும், அடுத்த முறை மருந்துக்கும் அடங்காது. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்கள். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

"விலாசம்?"

மருந்துக்கு வராதவர்களைத் தேடி வீட்டுக்கே ஆள் போகும். அதற்கு விலாசம் வேண்டும். ஷெட் முதலாளியைக் கேட்டேன். "உன்னத் தேடிக்கினு நர்ஸம்மா இங்க வந்தா, லாரி வாடகைக்கு எவன்டா வருவான்?" என்றார். சரியான கேள்விதான். கோபம் வரவில்லை.

ஸ்டெல்லா சிஸ்டர் சாந்தோம்காரர். நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம், கணீரென்ற குரல். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ ஓடிப்போற முகம்" என்றார்.

"ஆமா சிஸ்டர்."

"எங்கே ஓடுறதா இருந்தாலும் என் கூடவே ஓடு. நான் வீடு வீடா சுத்தறவ. கூடை தூக்க ஆள் வேணும். நீ எங்கே இருக்கேன்னு எனக்குத் தெரியும், அது போதும்."

அப்படித்தான் எனக்கு விலாசம் கிடைத்தது. நடமாடும் விலாசம். என் கால்களுக்கும் அது ஒத்துவந்தது. மயிலாப்பூர் மாட வீதிகள், மந்தைவெளி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோட்டூர்புரம் என்று நாளெல்லாம் நடை.

கூடையில் என்ன?

வெள்ளைப் புடவையும் தோல் பையுமாக சிஸ்டர் ஒரு தெருவில் நுழைந்தால் அந்தத் தெரு வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும். எந்த வீட்டுப் படியேறுகிறாரோ அந்த வீடு தீர்ந்தது. அங்கே தண்ணீர் கடன் கேட்கமாட்டார்கள், பெண் கேட்கமாட்டார்கள். ஒரு வீட்டில் சிஸ்டரைக் கண்டதும் உள்ளே இருந்தவர்கள் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துக் கதவை வெளிப்புறம் பூட்டச் சொல்லிவிட்டு, உள்ளேயே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பாவம், நோயாளிக்கு இருமலை அடக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் சிஸ்டர் அப்பளத்துக்கு மாறினார். ஆபீஸில் யாருக்கும் தெரியாது. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு வீட்டில் மொத்தமாக வாங்கி, நடுவில் மாத்திரைக்கு இடம் இருக்கிற மாதிரி கட்டிக்கொள்வோம். அப்பளக்காரி எந்த வீட்டுப் படியும் ஏறலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குந்திப் பேசலாம். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஆனால் நாங்கள் எதிர்பார்க்காத ஒரு சங்கடம். அப்பளம் நன்றாக இருந்தது. நோயாளி இல்லாத வீடுகளும் கூப்பிட ஆரம்பித்தன. ஒரு தெருவில் கல்யாணத்துக்கே ஆர்டர் வந்தது. வந்த லாபத்தில்தான் எனக்குச் சாப்பாடு. "சிஸ்டர், இன்னா சிஸ்டர், பேசாம வேலைய வுட்டுட்டு இதையே பண்ணலாம் போலகீதே" என்றேன். "வாயை மூடிக்கிட்டு நட. மாத்திரை போட்டியா இன்னிக்கு?" என்றார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிஸ்டரை அடையாளம் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருந்தார்கள். பழைய நோயாளிகள், பழைய நோயாளிகளின் சொந்தக்காரர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொன்னால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வி வருமே! அவர்களும் பேசாமல் ஒரு கட்டு அப்பளம் வாங்கிக்கொண்டு போவார்கள்.

வெள்ளிக்கிழமை கோயில்

வசந்தாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மெல்லிய குரல், கெட்டியான மனசு. காய்ச்சல் விடாமல் வந்தபோது புருஷன்தான் ரகசியமாகக் கிளினிக்குக்குக் கூட்டிவந்தான். நல்ல பையன். அம்மாவிடம் மட்டும் பயம்.

வெள்ளிக்கிழமை கபாலீசுவரர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இருவரும் வருவார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு திரும்புவார்கள். இப்படிச் சில மாதம் ஓடியது. சளியில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. இனி அவளால் யாருக்கும் பரவாது. ஆனால் மாத்திரையை முடித்தே ஆகவேண்டும்.

மருமகளின் பக்தியைப் பார்த்து மாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நானும் வாரேன்ட்டி" என்று வெள்ளிக்கிழமைதோறும் கூடவே கிளம்பிவிட்டார். கோயிலுக்குப் போனார்கள். கிளினிக்குக்குப் போக முடியவில்லை. புருஷனுக்குக் கடையை விட்டு நகர வழியில்லை.

அதனால்தான் சிவப்பு நூல். வெள்ளை நூல் கட்டை மாமியார் எடுக்கவேண்டும், சிவப்பு நூல் கட்டை வசந்தா எடுக்கவேண்டும். நாலைந்து மாதமாகப் பிசகாமல் நடந்தது.

செல்லம்மாளைக் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. சிஸ்டரிடம் ஒருநாள் அவரே சொன்னார். அவருடைய தங்கை ஒருத்தி இந்த நோயில்தான் போனாளாம். அது மருந்து வராத காலம். வீட்டுக்குப் பின்னால் தென்னை ஓலைக் குடிசை போட்டு அதில் வைத்திருந்தார்களாம். "சோத்துத் தட்ட கம்பால தள்ளி விடுவோம். அவ என்னப் பாத்து சிரிப்பா" என்றார். சொல்லிவிட்டு அப்பளத்தை எண்ணாமலேயே எடுத்துக்கொண்டு போனார்.

மருந்து வந்துவிட்டது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

முடிச்சு

இனி வாசலுக்கு வருவோம்.

"அம்மா, அதை வெச்சுடுங்க. அது மிளகு அப்பளம், காரம் ஜாஸ்தி" என்றார் சிஸ்டர்.

"காரம்னா எங்களுக்கு நல்லதுதான்" என்றார் செல்லம்மாள். நூல் தளர்ந்தது.

"அத்தை, குடுங்க, நான் பிரிக்கேன்" என்று வசந்தா கை நீட்டினாள்.

"நீ சும்மா நில்லு."

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு கூச்சல்.

"ஞாபகம் வந்துடுத்து! ஞாபகம் வந்துடுத்து!"

எதிர்வீட்டு மாமி. நாங்கள் வரும்போதெல்லாம் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஈரப் புடவையைக் கொடியில் பாதி போட்டபடி நின்றார். முகம் நிறையப் பூரிப்பு.

"எங்கேயோ பார்த்திருக்கோமே, எங்கேயோ பார்த்திருக்கோமேன்னு மண்டையை உடைச்சிண்டிருந்தேன்! செல்லம்மா, இவ அப்பளக்காரி இல்லை! டி.பி. ஆஸ்பத்திரி நர்ஸுன்னா இவ!"

கெட்ட எண்ணமே கிடையாது. மறந்த முகம் ஞாபகம் வந்த சந்தோஷம், அவ்வளவுதான். தெரு நின்றுவிட்டது. பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கினார்.

செல்லம்மாள் நிமிர்ந்து பார்த்து, எல்லோரும் பயப்படும் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஒமக்கு எப்படித் தெரியும் மாமி?"

"அது... அடையாத்துல... எங்க தம்பி ஆத்துக்கு..." என்று மாமி ஆரம்பித்து நிறுத்தினார். பூரிப்பு வடிந்துவிட்டது. ஈரப் புடவை கொடியிலிருந்து நழுவித் தெருவில் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

செல்லம்மாளின் பார்வை மாமியிடமிருந்து சிஸ்டரிடம் வந்தது. சிஸ்டரிடமிருந்து கையிலிருந்த கட்டுக்கு வந்தது. அடுத்தது மருமகளிடம்தான் போகும். ஹெல்த் விசிட்டர் ஒருவர் மாதாமாதம் நம் வீட்டு வாசலுக்கு ஏன் வரவேண்டும் என்று யோசிக்க அதிக நேரம் ஆகாது.

எனக்கு மறைக்க ஆள் இல்லை என்று முதலிலேயே சொன்னேன்.

"மாமி சொல்றது கரீட்டுமா" என்றேன் எழுந்து நின்று. "இவுங்க நர்ஸம்மாதான். எனக்குத்தான் டி.பி. வூடு வாசல் இல்லாதவன், மாத்திரைய வுட்டுட்டு ஓடிடுவேன்னு கூடவே இட்டுக்கினு சுத்தறாங்க. அப்பளம் வித்து எனக்கு சோறு போடறாங்க."

ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதனால் சொல்லச் சுலபமாக இருந்தது.

"ஒனக்கா?" என்றார் செல்லம்மாள்.

"ஆமாம்மா. மாத்திரை துன்னுக்கினுதான் கீறேன். இப்ப யாருக்கும் ஒட்டாது."

அவர் கை தானாக விரிந்தது. சிவப்பு நூல் கட்டு படியில் விழுந்தது. ஒரே தாவலில் கதவுக்கு உள்ளே போய்விட்டார். அந்த உடம்புக்கு அப்படி ஒரு தாவல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"அடப் பாவி! இத்தன நாளா நீ தொட்ட அப்பளத்தையால தின்னோம்?"

"பொரிச்சுத்தானேம்மா தின்னீங்க?" என்றார் சிஸ்டர், ஆடாமல் அசையாமல். "அப்பளத்துல இது பரவாது. தட்டுல பரவாது. இருமலும் இவனுக்கு நின்னு போச்சு. இப்ப மருந்து இருக்கும்மா. முழுசா சாப்பிட்டா குணமாயிடும்."

"குணமாயிருமா?"

"ஆயிடும்."

"செத்துற மாட்டானா?"

"பேரன் பேத்தி எடுப்பான், இவனுக்குப் பொண்ணு யாராவது குடுத்தா."

கீழே கிடந்த கட்டை யாரும் தொடவில்லை. பால்காரர் பெடலை மிதித்தார். மாமி மாடியிலிருந்து மறைந்துவிட்டார்.

அப்புறம் கதவிடுக்கிலிருந்து குரல் வந்தது. கொஞ்சம் இறங்கிய குரல்.

"ஏ வசந்தா. அந்தக் கட்ட நீயே எடுத்துட்டு வா. நீ சின்னப் புள்ள, ஒடம்புல தெம்பு இருக்கு, ஒண்ணும் ஒட்டாது. இனிமே அவன் வந்தா நீயே வாங்கிக்க. நான் வெளிய வரல."

வசந்தா குனிந்து கட்டை எடுத்தாள். நிமிரும்போது என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சீக்குக்காரனுக்கு

அதன் பிறகு எங்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது. நாங்கள் படியேறினால் மாமியார் உள்ளே போய்விடுவார். வசந்தா வாசலில் சாவகாசமாக உட்கார்ந்து, பசி எடுக்கிறதா, எடை ஏறியதா என்ற கேள்விகளுக்கெல்லாம் சிஸ்டரிடம் பதில் சொல்வாள். சிவப்பு நூலே தேவைப்படவில்லை. மாத்திரையைக் கையிலேயே கொடுத்தோம்.

ஒரு மாதம்கூட விடாமல் அவள் மருந்தை முடித்தாள். நானும் முடித்தேன். என் வாழ்க்கையில் கடைசிவரை செய்து முடித்த முதல் காரியம் அதுதான்.

ஆனால் அந்த ரகளை நடந்த அடுத்த மாதம் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் கணக்குத் தீராது.

நாங்கள் போய் உட்கார்ந்ததும் வசந்தா கிண்ணத்தில் இரண்டு அவித்த முட்டை கொண்டுவந்து வைத்தாள். "அத்தை ஒங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க."

உள்ளேயிருந்து குரல்: "ஏலே, அங்கனயே வச்சுத் தின்னுட்டுப் போ. வெளிய கொண்டுபோய் எவனுக்காவது குடுத்துராத. சீக்குக்காரனுக்கு முட்ட நல்லதாம்லா."

நான் கிண்ணத்தை எடுத்தேன். சிஸ்டர் வசந்தாவின் மணிக்கட்டைப் பார்த்தார். வளையல்கள் முழங்கை வரை ஏறும் அளவுக்கு மெலிந்த கை. பிறகு என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. ஒரு முட்டையை வசந்தாவிடம் நீட்டினேன்.

வேண்டாம் என்று தலையாட்டினாள். "துன்னு தங்கச்சி, சீக்குக்காரனுக்குன்னுதான சொன்னாங்க" என்றேன் மெதுவாக. கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி முழு முட்டையையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏலே, தின்னுட்டியா?"

"துன்னாச்சும்மா."

"ரெண்டையுமா?"

"ரெண்டும் காலி."

"உப்பு இருந்துச்சா?"

எனக்குச் சரியாகத்தான் இருந்தது. வசந்தாவைப் பார்த்தேன். வாய் நிறைய முட்டையோடு, இல்லை என்று விரலை ஆட்டினாள்.

"உப்புதாம்மா கொஞ்சம் கம்மி."

"இரு, கொண்டு வாரேன்" என்ற குரல் கதவருகே வந்து, பயந்து, நின்றது. "ஏ வசந்தா! அங்க என்னட்டி பண்ணுத? பயலுக்கு உப்பு கொண்டு போய்க் குடு!"

வசந்தாவால் பதில் சொல்ல முடியவில்லை. சிஸ்டர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அப்பளக் கூடைக்குள் குனிந்துவிட்டார்.

அடுத்த மாதம் முட்டை பிளந்து, உப்பும் மிளகும் தூவி வந்தது.